மரத்துப்போகும் ஊசி: பல் பிடுங்கும்போது ஏன் வலிக்க வேண்டியதில்லை

நாற்காலியில் உட்கார்ந்ததும் அந்த அம்மாள் முதலில் சொன்னது, “ஊசி வேண்டாம் டாக்டரம்மா. பொறுத்துக்கொள்கிறேன், அப்படியே பிடுங்கிவிடுங்கள்” என்பதுதான். அறுபதைத் தாண்டிய வயது. நாற்று நட்டும் களை பறித்தும் காய்த்துப்போன கைகள். கீழ்த்தாடையில் வலப்பக்கக் கடைவாய்ப் பல் சொத்தையாகிப் பாதி உடைந்து, வேர் மட்டும் ஈறுக்குள் நின்றிருந்தது. நான்கு நாளாகத் தூக்கமில்லை. கிராம்பு வைத்துப் பார்த்திருக்கிறார், புகையிலையை அடக்கிப் பார்த்திருக்கிறார். கடைசியில் யாரோ சொன்னார்கள் என்று வலி மாத்திரையைப் பொடித்து ஈறில் அப்பியிருக்கிறார். அந்த இடம் வெள்ளையாக வெந்துபோயிருந்தது.

ஏன் ஊசி வேண்டாம் என்று கேட்டேன். பல வருடங்களுக்கு முன்பு எங்கோ ஒரு முகாமில் அவருக்குப் பல் பிடுங்கினார்களாம். ஊசியும் போட்டார்களாம், பிடுங்கும்போது உயிரும் போனதாம். “ஊசி குத்துகிற வலி ஒன்று, பிடுங்குகிற வலி ஒன்று. இரண்டும் எதற்கு?” என்றார். அவர் கணக்கில் பிழையே இல்லை. வேலை செய்யாத ஊசி வெறும் கூடுதல் வலிதான்.

நான் ஓர் அரசு மருத்துவமனையின் பல் பிரிவில் வேலை செய்கிறேன். இதே கேள்வியை வேறு வேறு சொற்களில் எத்தனையோ பேர் கேட்டுவிட்டார்கள். எல்லாருடைய மனதிலும் ஓர் எண்ணம் ஊறிக் கிடக்கிறது: காசில்லாமல் பார்க்கிற இடம், கொஞ்சம் வலிக்கத்தான் செய்யும், சத்தம் போடாமல் பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான். இந்த எண்ணம் என்னை வருத்துகிறது, ஏனென்றால் அது உண்மையில்லை. அந்த ஊசி எப்படி வேலை செய்கிறது, எப்போது தவறுகிறது, தவறினால் நீங்கள் என்ன கேட்கலாம் என்று தெரிந்துகொண்டால் பொறுத்துக்கொள்ள வேண்டிய அவசியமே வராது.

முதலில் பெயரைச் சரிசெய்துகொள்வோம். ஊரில் இதை “மயக்க ஊசி” என்கிறார்கள். அந்தப் பெயரால் இரண்டு தொல்லைகள். நினைவு தப்பிவிடும் என்று பயப்படுகிறார்கள். வயிற்றை அறுக்கும் ஆபரேஷனுக்குப் போவதுபோல் சாப்பிடாமல் வந்து நிற்கிறார்கள். இந்த ஊசி யாரையும் மயக்குவதில்லை. போட்ட இடத்தைச் சுற்றி வலியுணர்வை மட்டும் சில மணி நேரத்துக்கு நிறுத்திவைக்கிறது. விழித்திருப்பீர்கள், பேசுவீர்கள், நடப்பது எல்லாம் தெரியும். மரத்துப்போகும் ஊசி என்பதே சரியான பெயர்.

மருந்தின் பெயர் லிக்னோகெயின். லிடோகெயின் என்றும் சொல்வார்கள். இரண்டு சதவீதக் கரைசலில், ரத்தக்குழாய்களைச் சுருக்கும் அட்ரினலின் துளியினும் துளியாகக் கலந்திருக்கும். கட்டணம் வாங்கும் தனியார் பல் மருத்துவமனைகளிலும் பெரும்பாலும் இதுதான். அங்கே 1.8 மில்லி அளவுள்ள சிறு கண்ணாடிக் குழலில் அடைத்து வரலாம்; அரசு மருத்துவமனையில் 30 மில்லி புட்டியிலிருந்து சிரிஞ்சில் உறிஞ்சி எடுப்பது வழக்கம். உள்ளே இருக்கும் மருந்து ஒன்றே. உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் லிக்னோகெயினும் அட்ரினலினும் சேர்ந்த இந்தக் கலவை பல் சிகிச்சைக்கென்றே இடம்பெற்றிருக்கிறது. ஒரு புட்டியிலிருந்து பலருக்கு மருந்து எடுக்கலாம். ஆனால் ஊசியும் சிரிஞ்சும் ஒவ்வொருவருக்கும் புதிதாகப் பிரிக்கப்பட வேண்டும். உங்கள் கண்ணெதிரில் உறையைப் பிரிக்கச் சொல்லிக் கேட்பதில் தவறே இல்லை.

இந்த மருந்து வந்த கதையையும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். 1844-இல் அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டில் ஹோரஸ் வெல்ஸ் என்ற பல் மருத்துவர் நைட்ரஸ் ஆக்சைடு வாயுவை முகர்ந்துகொண்டு தன் பல்லையே பிடுங்கச் சொன்னார். அது ஆளையே மயக்கும் வழி. ஓரிடத்தை மட்டும் மரக்கச் செய்யும் வழி 1884-இல் கிடைத்தது: வியன்னாவில் கார்ல் கோலர் கோகெயின் சொட்டு விட்டுக் கண்ணை மரக்கவைத்தார். அதைத் தொடர்ந்து நியூயார்க்கில் வில்லியம் ஹால்ஸ்டெட் கீழ்த்தாடை நரம்பருகே கோகெயினை ஊசியால் செலுத்தினார்; இன்று நாங்கள் போடும் தாடை ஊசிக்கு மூலம் அதுதான். தன் உடம்பிலேயே சோதித்துப் பார்த்த ஹால்ஸ்டெட் அந்தக் கோகெயினுக்கே அடிமையானார். பிறகு 1905 வாக்கில் புரோகெயின் வந்தது. அடிமையாக்காது, ஆனால் மரப்பு சீக்கிரம் கலைந்துவிடும், சிலருக்கு ஒவ்வாமையும் வரும். சுவீடனில் நில்ஸ் லோஃப்கிரென் 1943-இல் லிக்னோகெயினை உருவாக்கினார். அவரோடு வேலை செய்த பெங்ட் லுண்ட்க்விஸ்ட் என்ற இளைஞர் அதைத் தன் விரல்களிலேயே போட்டுப் பார்த்தார். 1948-இல் விற்பனைக்கு வந்த மருந்து இன்றுவரை முதலிடத்தில் இருக்கிறது.

மடையும் தண்ணீரும்

இந்த ஊசி வேலை செய்யும் விதத்தை அந்த அம்மாளுக்கு நான் வாய்க்கால் கணக்கில்தான் சொன்னேன். பல்லிலிருந்து மூளைக்குப் போகும் நரம்பை ஒரு வாய்க்கால் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன் சுவர் நெடுகக் கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்ன மடைகள். வெளியே சோடியம் அயனிகள் காத்து நிற்கின்றன. பல்லுக்குள் வலி கிளம்பினால் முதல் மடை திறக்கும், சோடியம் உள்ளே பாயும். அந்தப் பாய்ச்சல் பக்கத்து மடையைத் திறக்கும், அது அதற்கடுத்ததை. இப்படி ஒன்றன்பின் ஒன்றாகத் திறந்துகொண்டே போய் மூளையைத் தொட்ட பிறகுதான் “வலிக்கிறது” என்று நமக்குத் தெரிகிறது. லிக்னோகெயின் நடுவில் கொஞ்ச தூரத்துக்கு மடைகளை அடைத்துவிடுகிறது. பல்லில் நடப்பது நடந்துகொண்டுதான் இருக்கும். செய்தி மட்டும் மேலே போகாது.

இதில் கவனிக்க வேண்டிய நுணுக்கம் ஒன்று இருக்கிறது. மருந்து மடையை உள்பக்கத்திலிருந்துதான் அடைக்கிறது. அதற்கு முதலில் நரம்பின் கொழுப்புச் சுவரைத் தாண்டி உள்ளே போக வேண்டும். மருந்தின் மூலக்கூறுகள் இரண்டு வடிவங்களில் இருக்கும். மின்னேற்றம் இல்லாத வடிவம் சுவரைத் தாண்டும். மின்னேற்றம் உள்ள வடிவத்தால் தாண்ட முடியாது. நலமாக இருக்கும் சதையில் ஏறத்தாழ கால்பங்கு மருந்து தாண்டக்கூடிய வடிவில் இருக்கும். உள்ளே போன பிறகு அதில் ஒரு பகுதி மின்னேற்றம் பெற்று மடையை அடைக்கும்.

சீழ் பிடித்து வீங்கிய இடத்தில் என்ன ஆகிறது என்று பாருங்கள். அங்கே அமிலத்தன்மை கூடிவிடுகிறது. அமிலம் கூடினால் மருந்து பெரும்பாலும் மின்னேற்றம் உள்ள வடிவத்துக்கே மாறிவிடும். தாண்டக்கூடிய பங்கு நூற்றுக்கு ஒன்றிரண்டு என்ற அளவுக்குக்கூட இறங்கிவிடலாம். போதாததற்கு, வீங்கிய இடத்தில் ரத்த ஓட்டம் அதிகம். மருந்தை அடித்துக்கொண்டு போய்விடும். அழற்சியில் கிடக்கும் நரம்பும் சாதாரண நரம்பு போலன்றிச் சின்னத் தூண்டலுக்கே துடிக்கும். “சீழ் இருந்தால் ஊசி ஏறாது” என்று ஊரில் சொல்வது அனுபவத்தில் வந்த பேச்சு. பாதி உண்மை.

மீதிப் பாதியை நம் விவசாயிகளுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. கடைமடையில் தண்ணீரைத் தடுக்க முடியாவிட்டால் தலைமடைக்குப் போக வேண்டும். வீங்கிய ஈறிலேயே குத்திக் குத்திப் பார்ப்பதைவிட, அந்தப் பல்லுக்கு வரும் நரம்பு எங்கிருந்து கிளம்புகிறதோ, வீக்கம் எட்டாத அந்த இடத்தில் போட்டால் பெரும்பாலும் மரத்துவிடும். கீழ்த்தாடைக்கு இந்தத் தலைமடை வாயின் பின்கோடியில், தாடையெலும்பின் உட்புறத்தில் இருக்கிறது. நரம்பு அங்கேதான் எலும்புக்குள் நுழைகிறது. நீளமான ஊசியை அங்கே கொண்டுபோய் மருந்தை விட்டால் அந்தப் பக்கத்துக் கீழ்ப்பற்கள் அத்தனையும், பாதிக் கீழுதடும் மரத்துப்போகும். பக்கத்திலேயே ஓடும் நாக்கு நரம்பும் சேர்ந்து மரப்பதால் பாதி நாக்கும் தெரியாது. “பல்லுக்குப் போட்ட ஊசி உதட்டுக்கு ஏறிவிட்டதே” என்று பயப்படுவார்கள். நாங்கள் எதிர்பார்த்து உட்கார்ந்திருப்பதே அதற்குத்தான். உதடு தடித்துப்போனதுபோல் இருக்கிறது என்று நீங்கள் சொன்னால் ஊசி போய்ச்சேர வேண்டிய இடத்துக்குச் சேர்ந்திருக்கிறது.

மேல்தாடை எளிது. அதன் எலும்பு மெல்லியது, நுண்துளைகள் நிறைந்தது. வேருக்கு மேலே ஈறில் போட்டாலே மருந்து ஊறி உள்ளே இறங்கிவிடும். கீழ்த்தாடை எலும்பு கெட்டியானது, அதனால்தான் அந்தச் சுற்றுவழி. அந்தத் தாடை ஊசி கைதேர்ந்தவர்களுக்கே பத்தில் ஒன்றிரண்டு முறை தப்பும்; ஒவ்வொருவருக்கும் எலும்பின் அமைப்பு கொஞ்சம் மாறியிருக்கும். தப்பினால் மறுபடி போட வேண்டும். பல்லுக்கும் எலும்புக்கும் நடுவில் உள்ள மெல்லிய இடைவெளியிலும் கூடுதலாகப் போடலாம். பெரியவர்களைப் பொறுத்தவரை மருந்து மிஞ்சிவிடும் என்ற கவலை தேவையில்லை. அட்ரினலின் சேர்ந்த லிக்னோகெயினுக்கு வழக்கமாகக் கணக்கிடும் உச்ச அளவு உடல் எடையில் கிலோவுக்கு 7 மில்லிகிராம், மொத்தம் 500-க்கு மேல் போகக் கூடாது. அறுபது கிலோ எடையுள்ளவருக்கு 420 மில்லிகிராம். இரண்டு சதவீதக் கரைசலில் அது 21 மில்லி. ஒரு பல்லுக்கு நாங்கள் போடுவது இரண்டு, மூன்று மில்லி. குழந்தைகளிடம் இந்தத் தாராளம் கிடையாது. இன்னும் எச்சரிக்கையாகக் கிலோவுக்கு 4.4 மில்லிகிராம் என்று வைத்துப் பார்த்தால், பதினைந்து கிலோ குழந்தைக்கு உச்சமே மூன்றேகால் மில்லிதான். அதனால்தான் குழந்தையை முதலில் எடை பார்க்கச் சொல்கிறோம். அதைச் சடங்காக நினைக்காதீர்கள்.

ஐந்து நிமிடம்

ஊசி தவறுவதற்கு மருத்துவப் புத்தகம் சொல்லும் காரணங்களை மேலே சொல்லிவிட்டேன். அரசு மருத்துவமனையில் இன்னொரு காரணம் உண்டு. அது நேரம். மேல்தாடை ஊசி பிடிக்க இரண்டு, மூன்று நிமிடம் ஆகும். கீழ்த்தாடை ஊசிக்கு ஐந்து நிமிடம், சிலருக்குப் பத்து. மருந்து சுவரைத் தாண்டி, மடையைத் தேடி, அடைத்து முடிக்க வேண்டாமா? வெளியே வரிசை கதவைத் தாண்டி நிற்கும்போது அந்த ஐந்து நிமிடம்தான் முதலில் காணாமல் போகிறது.

பயிற்சிக் காலத்தில் நானே இந்தத் தவறைச் செய்திருக்கிறேன். நடுத்தர வயதுக்காரர், சுமை தூக்கும் தொழிலாளி. தாடை ஊசி போட்டுவிட்டு, உதடு மரத்ததா என்று கேட்டேன். தலையாட்டினார். வெளியே கூட்டம். கருவியை எடுத்துவிட்டேன். அவர் ஒரு சத்தமும் போடவில்லை. நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்திருந்த விரல் நுனிகள் வெளுத்துப்போயிருந்தன. இரண்டு கண்ணோரத்திலிருந்தும் தண்ணீர் காதுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. பல் வெளியே வந்த பிறகுதான் அதைப் பார்த்தேன். வலித்ததா என்று கேட்டதற்கு, “நீங்கள் வேலையாக இருக்கிறீர்கள், எதற்குத் தொந்தரவு என்று இருந்துவிட்டேன்” என்றார். இத்தனை வருடம் ஆகியும் அந்த வாக்கியம் என்னை விடவில்லை.

அன்றிலிருந்து ஒரு பழக்கத்தை விடாமல் வைத்திருக்கிறேன். ஊசி போட்டதும் நோயாளியை அந்த அறையிலேயே, என் கண் படும் இடத்தில் பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு அடுத்தவரைப் பரிசோதிப்பேன். கூட்டமும் நகரும், மருந்துக்கும் நேரம் கிடைக்கும். திரும்ப நாற்காலிக்கு அழைத்ததும் கூரான கருவியால் அந்தப் பல்லின் ஈறைச் சுற்றி அழுத்திப் பார்ப்பேன். வெளிப்பக்கம், உள்பக்கம், இரண்டையும். கன்னத்துப் பக்க ஈறுக்குத் தனி நரம்பு உண்டு. உதடும் நாக்கும் மரத்திருந்தாலும் அந்த ஈறு விழித்துக்கொண்டிருக்கும். அங்கே ஒரு சின்ன ஊசி தனியாகப் போட வேண்டும்.

சோதிப்பதற்கு முன்பு நோயாளியிடம் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும், பெரும்பாலும் இதைச் சொல்லாமல் விட்டுவிடுகிறோம். மரத்த பிறகும் அழுத்தம் தெரியும். வலியைக் கொண்டுபோகும் நரம்பிழைகள் மெல்லியவை, அவை முதலில் அடங்கும். அழுத்தத்தையும் அசைவையும் கொண்டுபோகும் தடித்த இழைகள் கடைசியில்தான் அடங்கும், பல நேரம் முழுதாக அடங்குவதே இல்லை. ஆகவே பல்லை ஆட்டுவது, தள்ளுவது, தாடை இழுபடுவது எல்லாம் தெரியும். வேர் பெயரும்போது ‘நறுக்’ என்ற சத்தம் மண்டைக்குள் கேட்கும். இது தெரியாதவர் ஊசி வேலை செய்யவில்லை என்று பதறிவிடுவார். கூராகச் சுரீரென்று ஏறினால் அது வலி. இழுப்பதுபோல், நெருக்குவதுபோல் இருந்தால் அது அழுத்தம். சுரீரென்றால் இடக்கையைத் தூக்குங்கள், நான் நிறுத்திவிடுவேன் என்று சொல்லிவைப்பேன். கை தூக்கினால் நிறுத்தியே ஆக வேண்டும். ஒருமுறை நிறுத்தாமல் போனால் பிறகு அந்த நோயாளி எந்த மருத்துவரையும் நம்ப மாட்டார்.

ஊசி குத்தும் வலியையும் குறைக்க முடியும். குத்தும் இடத்தைத் துடைத்துவிட்டு மரக்கச் செய்யும் ஜெல்லை ஒரு நிமிடம் தடவி வைத்தால் நுனி நுழைவது அவ்வளவாகத் தெரியாது. அதன் பிறகு வரும் எரிச்சலுக்குக் காரணம் வேறு: அட்ரினலின் கெடாமல் இருக்க இந்தக் கரைசலை அமிலத்தன்மையோடு தயாரிக்கிறார்கள். வேகமாகத் தள்ளினால் எரியும், சதையும் பிய்வதுபோல் நோகும். ஒரு மில்லிக்கு ஒரு நிமிடம் என்று மெல்லத் தள்ளினால் பாதி எரிச்சல் போய்விடும். மேல் அண்ணத்தில் சதை எலும்போடு இறுக ஒட்டியிருப்பதால் அங்கே போடும் ஊசி நிஜமாகவே வலிக்கும். அதை முன்கூட்டியே சொல்லிவிடுவதுதான் நேர்மை. தள்ளுவதற்கு முன்பு சிரிஞ்சைச் சற்றே பின்னிழுத்து, ரத்தம் வருகிறதா என்று பார்ப்போம். ரத்தக்குழாய்க்குள் மருந்து போய்விடக் கூடாது என்பதற்காக.

குழந்தைகளை அழைத்து வரும் பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள். “அழுதால் டாக்டர் ஊசி போட்டுவிடுவார்” என்று வீட்டில் மிரட்டாதீர்கள். வரும் வழியில் “ஊசியே கிடையாது” என்று பொய்யும் சொல்லாதீர்கள். எறும்பு கடிப்பதுபோல் ஒரு நொடி இருக்கும், பிறகு கன்னம் தூங்கிவிடும் என்று சொன்னால் போதும்.

பயங்களும் பதில்களும்

ஊசி போட்டதும் நெஞ்சு படபடக்கிறது, கை நடுங்குகிறது என்பார்கள். அது அட்ரினலின். ரத்தக்குழாய்களைச் சுருக்கி, மருந்தை அந்த இடத்திலேயே நெடுநேரம் தங்கவைப்பதற்கும் ரத்தப்போக்கைக் குறைப்பதற்கும் அதைச் சேர்க்கிறார்கள். சில நிமிடங்களில் படபடப்பு அடங்கிவிடும். இதய நோய் உள்ளவர்களுக்கு அதன் மொத்த அளவைப் பொதுவாக 40 மைக்ரோகிராமுக்குள் நிறுத்துவோம். எண்பதாயிரத்தில் ஒரு பங்கு அட்ரினலின் உள்ள கரைசலில் அது 3.2 மில்லி. இரண்டு லட்சத்தில் ஒரு பங்கு உள்ள கரைசலும் இருக்கிறது. இதய நோயாளிக்கு அட்ரினலினே கூடாது என்று அரைகுறையாக மரக்கச் செய்து பல்லைப் பிடுங்கினால், வலியிலும் பயத்திலும் அவர் உடம்பே அதைவிட அதிகமான அட்ரினலினைச் சுரந்துவிடும். ஆகவே மறைக்காமல் சொல்லுங்கள்: ரத்த அழுத்தம், சர்க்கரை, இதயத்தில் ஸ்டென்ட், ஆஸ்துமா, சாப்பிடும் மாத்திரைகள். மாத்திரைச் சீட்டையே கொண்டுவந்துவிடுங்கள். ரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் மாத்திரையை நீங்களாக நிறுத்திவிட்டு வராதீர்கள்.

“எனக்கு இந்த ஊசி ஒத்துக்கொள்ளாது, போனமுறை மயங்கி விழுந்தேன்” என்பவர்கள் நிறையப் பேர். விசாரித்தால் பெரும்பாலும் விடியற்காலை பஸ் பிடித்து, வெறும் வயிற்றோடு, மூன்று மணி நேரம் வரிசையில் நின்றவராக இருப்பார். லிக்னோகெயினுக்கு உண்மையான ஒவ்வாமை மிக மிக அரிது. பயத்திலும் பசியிலும் ரத்த அழுத்தம் சட்டென்று இறங்கி வரும் மயக்கம்தான் சாதாரணமாக நடப்பது. படுக்கவைத்துக் காலைத் தூக்கி வைத்தால் ஒன்றிரண்டு நிமிடத்தில் தெளிந்துவிடும். நாலு இட்லியோ ஒரு கிண்ணம் பழைய சோறோ சாப்பிட்டுவிட்டு வாருங்கள். சர்க்கரை நோயாளிகள் வழக்கமான மாத்திரையையும் சாப்பாட்டையும் தவறவிடவே கூடாது. உடம்பில் தடிப்பு, மூச்சுத்திணறல், முகவீக்கம் வந்திருந்தால் அது வேறு விஷயம்; அதை விவரமாகச் சொல்லுங்கள்.

மேல்பல்லைப் பிடுங்கினால் கண் போய்விடும் என்ற பயம் இன்னும் போகவில்லை. பல்லுக்கும் முகத்துக்கும் உணர்வைத் தருவது ஒரு நரம்பு, பார்வையைத் தருவது முற்றிலும் வேறொரு நரம்பு. பல் போவதால் பார்வை போகாது. மிக அரிதாக, மருந்து கண்ணருகே பரவிக் கொஞ்ச நேரம் இரட்டையாகத் தெரிவதோ, முகத் தசையின் நரம்பை எட்டி இமை மூட முடியாமல் போவதோ உண்டு. மருந்து வடிந்ததும் அதுவும் சரியாகிவிடும். கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மார்களுக்கும் லிக்னோகெயின் பாதுகாப்பானது. நடு மூன்று மாதங்கள் வசதியானவை. ஆனால் சீழ் பிடித்த பல்லை வைத்துக்கொண்டு தூங்காமல் கிடப்பது தாய்க்கும் நல்லதில்லை, வயிற்றிலிருக்கும் பிள்ளைக்கும் நல்லதில்லை.

ஊசியாலோ மாத்திரையாலோ வீட்டில் சமாளிக்கக் கூடாத நிலை ஒன்று உண்டு. தாடைக்குக் கீழே கழுத்துவரை வீங்கி, வாய் திறக்க முடியாமல், எச்சில் விழுங்க முடியாமல், காய்ச்சலோடு இருந்தால் மறுநாள் சீட்டு வாங்கலாம் என்று காத்திருக்காதீர்கள். அன்றைக்கே, இரவானாலும், அவசரப் பிரிவுக்குப் போங்கள். அந்த வீக்கம் மூச்சுவழியை நெருக்கிவிடும்.

பல் ஆரம்பச் சொத்தையில் இருக்கும்போதே வந்தால் ஊசியே தேவைப்படாமல் போகலாம். கைக்கருவியால் சொத்தையைச் சுரண்டி எடுத்து அடைக்கும் முறை 1980-களில் தான்சானியாவில், மின்சாரமும் இயந்திரமும் இல்லாத கிராமங்களை மனதில் வைத்து உருவானது. பெரும்பாலும் மரக்கச் செய்யாமலே முடிந்துவிடும். நம்மிடம் வருபவர்களோ வலி தாங்க முடியாத கட்டத்தில் வருகிறார்கள். கூலியை விட்டுவிட்டு வர வேண்டுமே என்ற தயக்கத்தை நான் குறை சொல்ல மாட்டேன்.

மரப்பு கலையும்போது

அந்த அம்மாளுக்கு ஊசி போட்டுப் பெஞ்சில் உட்காரவைத்தேன். ஏழு நிமிடம் கழித்துச் சோதித்தால் கன்னத்துப் பக்க ஈறில் மட்டும் சுரீரென்றது, கையைத் தூக்கினார். அங்கே ஒரு சின்ன ஊசி போட்டு இன்னும் இரண்டு நிமிடம் காத்திருந்தேன். வேர் இரண்டும் வெளியே வந்தன. “எப்போது பிடுங்குவீர்கள்?” என்று கேட்டார். தட்டில் கிடந்ததைக் காட்டினேன். எடுத்துக் கையில் வைத்துப் புரட்டிப் பார்த்தார்.

பல்லுக்கு மரப்பு ஒரு மணி நேரம்போல் இருக்கும். உதட்டுக்கும் நாக்குக்கும் மூன்று முதல் ஐந்து மணி நேரம். அதுவரை சூடான டீ குடித்தால் வெந்தாலும் தெரியாது. குழந்தைகள் மரத்த உதட்டை விளையாட்டாகக் கடித்துக் குதறிவிடுவார்கள், பக்கத்திலேயே இருந்து பார்த்துக்கொள்ள வேண்டும். பஞ்சை அரை மணி நேரமாவது கடித்திருங்கள். அன்றைக்குத் துப்பாதீர்கள், கொப்பளிக்காதீர்கள், புகையிலை பக்கமே போகாதீர்கள்.

வலி மாத்திரையை வலி வந்த பிறகு போடலாம் என்று வைத்திருக்க வேண்டாம். மரப்பு முழுதாகக் கலைவதற்கு முன்பே, சாப்பிட்டுவிட்டு முதல் மாத்திரையைப் போடுங்கள். இபுபுரூஃபெனும் பாராசிட்டமாலும் சேர்ந்தது பல்வலிக்கு மிக நன்றாகக் கேட்கும். வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு, ஆஸ்துமா உள்ளவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் இபுபுரூஃபென் வேண்டாம், பாராசிட்டமால் மட்டும் போதும். ஆன்டிபயாடிக் என்பது கிருமிக்கான மருந்து, வலி மாத்திரை அல்ல. கொடுத்தால் சொன்ன நாள்வரை சாப்பிடுங்கள், கொடுக்காவிட்டால் கடையில் கேட்டு வாங்காதீர்கள்.

இரண்டாம் நாள் குறைந்த வலி மூன்றாம் நாள் காதுவரை பாய்ந்துகொண்டு திரும்ப வந்தால், பல் இருந்த குழியில் ரத்தக்கட்டு கலைந்து எலும்பு வெளியே தெரிகிறது என்று பெரும்பாலும் பொருள். புகையிலை போடுபவர்களுக்கு இது அதிகம். குழியைக் கழுவி மருந்து வைத்தால் அடங்கிவிடும். இதையெல்லாம் அந்த அம்மாளிடம் இரண்டு முறை சொன்னேன். மூன்றாம் நாள் வலித்தால் இதே சீட்டை எடுத்துக்கொண்டு வாருங்கள், வலிக்கிறது என்று கதவருகிலேயே சொல்லுங்கள் என்றேன். மாத்திரையை முந்தானையில் முடிந்துகொண்டு, பஞ்சைக் கடித்தபடியே தலையாட்டிவிட்டு, பன்னிரண்டரை பஸ்ஸைப் பிடிக்கப் போனார்.